பட்டறைக்கும் பட்டத்திற்கும் பாலம்

உளி பிடிக்கும் கைக்கு ஏடு எதற்கு என்று கேட்டவர்கள் எல்லா நாட்டிலும் இருந்தனர். ஏடு பிடித்த கை உளியைத் தொடலாமா என்று முகஞ்சுளித்தவர்களும் இருந்தனர். கேள்விகள் இரண்டு, பிறந்த இடம் ஒன்று. உழைப்பு தாழ்ந்தது, ஆகவே உழைப்பவனும் தாழ்ந்தவன் என்ற எண்ணமே அந்த இடம். மாந்தர் அனைவரும் சமமாகவே படைக்கப்பட்டனர் என்று 1776-இல் உலகறிய முழங்கிய அமெரிக்காவும் அந்த எண்ணத்திற்கு இரையாகாமல் இல்லை!

அடிமைத்தளை அறுந்த பின்னர், 1881-இல், அலபாமா மாநிலத்து டஸ்கீகியில் புக்கர் டி. வாஷிங்டன் கறுப்பின மக்களுக்கெனக் கல்விக்கூடம் கண்டார். கைத்தொழில் கற்றால் வாழ்வு மலரும் என்பது அவர் நம்பிக்கை. டு போய்ஸ் 1903-இல் வெளியிட்ட நூலில் அதை மறுத்தார். தொழில் வேண்டும், ஆனால் தொழிலோடு நின்றுவிட்டால், அந்த மக்களுக்கு ஆசிரியர்களும் அறிஞர்களும் எங்கிருந்து வருவர்? இதுவே அவர் வாதத்தின் சாரம்.

அதே வினா தொழிலாளர் பிள்ளைகளைப் பற்றியும் எழுந்தது. தொழிற்பள்ளிகளைப் பொதுப்பள்ளிகளினின்று பிரித்துத் தனி நிர்வாகத்தின் கீழ் வைக்க, இல்லினாய் மாநிலத்தில் 1913-இல் ஒரு மசோதா வந்தது. சிகாகோ வணிகப் பெருமக்கள் அதை வரவேற்றனர், தொழிற்சங்கத்தார் எதிர்த்தனர். சிந்தனையாளர் ஜான் டூயியும் எதிர்த்தார். முதலாளி வீட்டுப் பிள்ளைக்கு ஒரு பள்ளி, தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு வேறொரு பள்ளி என்றால், மக்களாட்சி எங்கே வாழும்? மசோதா தோற்றது.

ஆனால், பிரிவினை வேறு வழியில் நுழைந்தது. 1917-இல் அதிபர் வில்சன் கையெழுத்திட்ட ஸ்மித்-ஹியூஸ் சட்டம் உழவு, கைத்தொழில், மனையியல் ஆகியவற்றைக் கற்பிக்க நடுவணரசின் பணத்தை அள்ளித் தந்தது. நல்லதுதான். எனினும், அந்தக் கல்வி கல்லூரித் தரத்திற்குக் குறைந்ததாகவே இருக்க வேண்டும் என்று சட்டமே விதித்தது! பட்டறை வாயிலில் பிள்ளையை நிறுத்தி, இதற்கு மேல் உனக்கு வழியில்லை என்று எழுதி ஒட்டியது போலாயிற்று.

விந்தை என்னவெனில், அந்தச் சுவர் எழுமுன்னரே வாயில் ஒன்று திறந்திருந்தது. இல்லினாயின் ஜோலியட் நகரில், ஓர் உயர்நிலைப் பள்ளியின் உள்ளேயே, 1901-இல் ஆறு மாணவர்களுடன் ஈராண்டுக் கல்லூரி பிறந்தது. 1947-இல் அதிபர் ட்ரூமன் அமைத்த குழு, இத்தகைய சமுதாயக் கல்லூரிகளை எங்கும் பரப்புக என்றது. ஊருக்கு ஊர் அவை ஓங்கின. ஆயினும் பள்ளிப் பட்டறையில் பயின்றவன் கல்லூரிக்குப் போனால், கற்றதையே மீண்டும் கற்க நேர்ந்தது. ஒரே ஊரில் இரு கூடங்கள். இடையே பாலம் இல்லை.

பாலத்தின் வரைபடத்தைத் தீட்டியவர் டேல் பார்னல். சமுதாயக் கல்லூரிகளின் சங்கத் தலைவராயிருந்த அவர், 1985-இல் வெளியிட்ட நூலில், பல்கலைக்கழகம் புகும் சிலருக்காகவே பள்ளிகள் பாடம் நடத்துகின்றன. இடைநிலையில் நிற்கும் பெரும்பான்மையோர் கைவிடப்பட்டனர் என்று சுட்டினார். பள்ளியின் கடைசி ஈராண்டையும் கல்லூரியின் ஈராண்டையும் ஒரே கோவையாக்குக என்றார். 1990-இல் கார்ல் பெர்கின்ஸ் பெயரிலமைந்த சட்டம் திருத்தப்பட்டபோது, ‘டெக் பிரெப்’ என்ற பெயரில் அத்திட்டம் உருப்பெற்றது. பள்ளியும் கல்லூரியும் உடன்படிக்கை செய்துகொள்ளும். கணக்கும் அறிவியலும் தொழிலோடு இணைத்துக் கற்பிக்கப்படும். பள்ளியில் தேர்ந்த பாடத்தைக் கல்லூரி ஏற்றுக்கொள்ளும்.

பாலம் கட்டியாயிற்று, அனைவரும் கடந்தனரா? இல்லை. உடன்படிக்கை செய்த கல்லூரியிலேயே சேர்ந்தால்தான் பல இடங்களில் அந்தப் பாடத்தகுதி செல்லும். வேறு கல்லூரிக்குப் போனவன் கையில் வெறுங்காகிதமே மிஞ்சியது. 2011-இல் இதற்கென ஒதுக்கிய தனி நிதியும் நின்றது.

கருத்து மடியவில்லை. அதே 2011-இல், நியூயார்க்கின் புரூக்ளினில், பள்ளியையும் கல்லூரியையும் ஆறாண்டுப் படிப்பாகப் பிணைத்த பி-டெக் பள்ளி தொடங்கிற்று. பள்ளிச் சான்றிதழோடு ஈராண்டுப் பட்டமும் கட்டணமின்றிக் கிட்டும் ஏற்பாடு அது. 2018-இல் புதுப்பிக்கப்பட்ட பெர்கின்ஸ் சட்டமும், பள்ளிப் பயிற்சி மேற்படிப்போடு தொடர வேண்டும் என்ற நெறியைக் காத்தது.

தோழர்களே! தொழிற்கல்வி என்ற சொல்லைக் கேட்டதும் கொதிக்கவும் வேண்டாம், குதூகலிக்கவும் வேண்டாம். ஒரே ஒரு வினாவைத் தொடுங்கள்: பயிற்சி முடிந்த பிள்ளை மேலும் படிக்க விரும்பினால், கதவு திறக்குமா? திறக்குமெனில் அது கல்வி. திறக்காதெனில், எவ்வளவு இனிய பெயர் சூட்டினாலும், அது விலங்கு!