எண்ணெயில் மினுங்கிய துகள்கள்

மே மாதம் பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் வண்டியிலேயே ஊருக்குப் போவது என்று முடிவு செய்திருந்தோம். புனேயிலிருந்து திருநெல்வேலி. ஆயிரத்து நானூறு கிலோமீட்டருக்குக் குறையாது. ரயிலில் டிக்கெட் கிடைக்கவில்லை, நாலு பேருக்கு விமான டிக்கெட் விலையைப் பார்த்தால் மயக்கம் வந்தது. எங்கள் வண்டிக்கு வயது பன்னிரண்டு. கிளம்புமுன் ஆயில் மாற்றிவிடலாம் என்று பக்கத்துத் தெரு ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப் போனேன்.

பழைய ஆயிலைத் தட்டில் இறக்கினார்கள். வெயில் பட்டதும் கறுப்பு எண்ணெயில் என்னவோ மினுங்கியது. விரலை விட்டு எடுத்தால் வெள்ளி நிறத்தில் மூன்று நான்கு இழைகள். மெக்கானிக்கிடம் காட்டினேன். "பழைய வண்டி சாப், இதெல்லாம் வரத்தான் செய்யும். புது ஆயில் ஊத்திட்டு ஓட்டுங்க" என்றார்.

அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் என்னால் "சரிப்பா" என்று சொல்ல முடியவில்லை. காரணம், எண்ணெயில் வந்த உலோகத் துகளுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதில் ஒரு பகுதி ரொம்ப சோகமானது. இன்றைக்கு அந்தக் கதை.

1839-இல் அமெரிக்காவில் ஐசக் பாபிட் என்பவர் தாங்கிகளுக்காக (நம்ம பேரிங்தான்) ஒரு மெத்தென்ற கலப்பு உலோகத்தைக் கண்டுபிடித்தார். வெள்ளீயம், ஆன்டிமனி, செம்பு கலந்தது. இதில் ஒரு தந்திரம் உண்டு. எண்ணெயில் தூசி வந்தால் அது இந்த மெத்தை உலோகத்துக்குள் புதைந்துவிடும். தேய்மானம் வந்தால் விலை குறைந்த இந்த உலோகம்தான் தேயும், விலை அதிகமான தண்டு தப்பிக்கும். ஆக, எஞ்சினுக்குள் எது முதலில் தேயவேண்டும் என்பதே திட்டமிட்ட விஷயம். தேய்ந்தது எங்கே போகும்? எண்ணெயில்தான் கலக்கும். அதைப் படிக்கத் தெரிந்தால் எஞ்சினைப் பிரிக்காமலே உள்ளே நடப்பதைச் சொல்லிவிடலாம்.

படிக்கும் வித்தையை ஏற்கெனவே இரண்டு ஜெர்மானியர்கள் கொடுத்திருந்தார்கள். ஹைடல்பர்கில் கிர்ஹாஃப், புன்சன் இருவரும் 1859-60 வாக்கில், ஒவ்வொரு தனிமமும் சூடேறி ஒளிரும்போது தனக்கே உரிய நிறக்கோடுகளைக் காட்டும் என்று நிறுவினார்கள். தீபாவளி மத்தாப்பில் பேரியம் பச்சையாகவும் ஸ்ட்ரோன்டியம் சிவப்பாகவும் எரிகிறதே, அதே சங்கதிதான்.

இந்த இரண்டையும் சேர்த்துவைத்தது ஒரு ரயில்வே கம்பெனி. இரண்டாம் உலகப்போர் முடிந்த சமயம், அமெரிக்காவில் நீராவி எஞ்சின்கள் போய் டீசல் எஞ்சின்கள் வந்துகொண்டிருந்தன. ஒரு டீசல் எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பது என்றால் பல நாள் வேலை. 1946-இல் டென்வர் ரியோ கிராண்டே ரயில்வேயின் ஆய்வகத்தில், ஓடிய எஞ்சினின் எண்ணெயைக் கொஞ்சம் எடுத்து, மின்பொறியில் எரித்து, வருகிற நிறக்கோடுகளைப் பார்த்தார்கள். ஈயமும் செம்பும் ஏறினால் பேரிங் தேய்கிறது. இரும்பு ஏறினால் சிலிண்டர் சுவரோ கியரோ. குளிர்விப்பு நீரில் கலக்கும் ரசாயனத்தின் சோடியம் தெரிந்தால் எங்கோ தண்ணீர் கசிகிறது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்!

ஒரே ஒரு கணக்கு மட்டும் மாறும். ஒரு தடவை எடுத்த அளவை வைத்துப் பெரிதாக ஒன்றும் சொல்ல முடியாது. சர்க்கரை அளவு மாதிரிதான், போன மாதம் எவ்வளவு, இந்த மாதம் எவ்வளவு என்று ஏற்றத்தைப் பார்க்கவேண்டும். 1950களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை இந்த முறையை எடுத்துக்கொண்டது. பிறகு தரைப்படையும் விமானப்படையும் சேர, 1976-இல் முப்படைக்கும் பொதுவான எண்ணெய்ப் பரிசோதனைத் திட்டமே உருவானது. நம்ம ஊர் ரயில்வே டீசல் ஷெட்களிலும் இந்தச் சோதனை உண்டு.

இதிலும் ஒரு ஓட்டை இருந்தது. மின்பொறி முறைக்கு மிக நுண்ணிய துகள்தான் நன்றாகத் தெரியும். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவைத் தாண்டினால் அது முழுசாக எரியாமல் தப்பிவிடும். பெரிய ஆபத்தோ பெரிய துகளாகத்தான் வரும். 1970களின் தொடக்கத்தில் வெர்னான் வெஸ்ட்காட் இதற்கு வழி கண்டார். எண்ணெயைக் கண்ணாடித் தகட்டில் ஓடவிட்டு, கீழே காந்தம் வைத்து, துகள்களை அளவு வாரியாகப் படியவிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. பெயர் ஃபெர்ரோகிராஃபி. மெல்லிய செதில் என்றால் வழக்கமான தேய்மானம். லேத்தில் வருகிற சுருள் மாதிரி இருந்தால் ஏதோ ஒன்று அறுக்கிறது. குட்டி உருண்டைகள் என்றால் உருளும் பேரிங்கில் விரிசல் தொடங்கியிருக்கலாம். என்ன உலோகம் என்பதோடு என்ன வடிவம் என்பதும் சாட்சி சொல்ல வந்துவிட்டது.

ஹெலிகாப்டர்களில் இன்னும் நேரடியான ஏற்பாடு. கியர்பாக்ஸ் எண்ணெயில் ஒரு காந்த முனை இருக்கும். துகள் வந்து ஒட்டினால் மின்சுற்று இணைந்து எச்சரிக்கை வரும்.

இப்போது அந்த சோகம். 2009 மார்ச் 25. ஸ்காட்லாந்தில், கடலில் இருக்கும் எண்ணெய்த் தளங்களுக்கு ஆட்களைக் கொண்டுபோகும் சூப்பர் பூமா ரக ஹெலிகாப்டர் ஒன்றின் காந்த முனையில் ஒரு துகள் கிடைத்தது. ஒரே ஒரு துகள். இயக்கும் நிறுவனமும் தயாரித்த நிறுவனமும் தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் பேசிக்கொண்டன. அதில் புரிதல் குழப்பம். கியர்பாக்ஸின் அந்தப் பகுதி திறந்து பார்க்கப்படவில்லை. வண்டி தொடர்ந்து பறந்தது. சுமார் 36 பறக்கும் மணிநேரம் கழித்து, ஏப்ரல் 1 அன்று, மில்லர் எண்ணெய்த் தளத்திலிருந்து திரும்பும் வழியில் கியர்பாக்ஸ் சிதறி, மேலே சுழலும் இறக்கைத் தொகுதியே கழன்றது. உள்ளே இருந்த 16 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

பிரிட்டனின் விமான விபத்து விசாரணைப் பிரிவு 2011-இல் அறிக்கை கொடுத்தது. உடைந்தது கியர்பாக்ஸின் இரண்டாம் கட்டக் கோள் கியர். அந்தக் கியர் கெட்டுக்கொண்டிருந்ததற்கு முன்கூட்டிக் கிடைத்த ஒரே அறிகுறி, மார்ச் 25 அன்று கிடைத்த அந்தத் துகள்தான். கியர் வாய் திறந்து ஒரே ஒரு முறை பேசியது. கேட்டவர்களுக்கு வேறு மாதிரி கேட்டுவிட்டது.

2016 ஏப்ரல் 29 அன்று நார்வேயில் பெர்கன் அருகே இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு ஹெலிகாப்டர் விழுந்து 13 பேர் இறந்தார்கள். அதிலும் உடைந்தது இரண்டாம் கட்டக் கோள் கியர்தான். இந்த முறை காந்த முனை ஒரு எச்சரிக்கையும் தரவில்லை. விரிசல் உலோகத்துக்கு உள்ளேயே வளர்ந்திருந்தது. நார்வேயும் பிரிட்டனும் அந்த ரக ஹெலிகாப்டர்களைப் பறக்கவிடாமல் நிறுத்தின. ஆக, துகள் வந்தால் விசாரிக்கவேண்டும் என்பது 2009 சொன்ன பாடம். துகள் வரவில்லை என்பதாலேயே நிம்மதியாகிவிட முடியாது என்பது 2016 சொன்னது.

சரி, நம்ம வண்டிக்கு வருவோம். கார் வழியில் நின்றால் ஓரம் கட்டலாம், வானத்திலிருந்து விழப்போவதில்லை. ஆனால் ராத்திரி ஹைவேயில், பின்சீட்டில் இரண்டு பிள்ளைகள் தூங்கும்போது எஞ்சின் பிடித்துக்கொண்டால்? அதனால் மெக்கானிக்கிடம் கெஞ்சிக் கூத்தாடி மூன்று வேலை பார்த்தோம்.

முதலில் காந்தம். ஒட்டவில்லை, ஆகவே இரும்பு இல்லை. ஆனால் இது மட்டும் போதாது, இன்றைய பேரிங்குகளிலும் அலுமினியம் உண்டு. அடுத்து வடிவம். லென்ஸ் வைத்துப் பார்த்தால் செதில் இல்லை, ஸ்பிரிங் மாதிரி சுருண்ட இழை. மூன்றாவது, பழைய ஆயில் ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்துப் பார்த்தோம். பேரிங் தேய்ந்திருந்தால் பொடி பம்ப் வழியாக வந்து மடிப்பெல்லாம் மினுமினுத்திருக்கும். செம்பு நிறம் தெரிந்திருந்தால் பயணத்தையே ரத்து செய்திருப்பேன். மடிப்புகள் சுத்தம்.

அப்படியென்றால் இழைகள் எஞ்சினுக்குள் சுற்றி வந்தவை அல்ல. மெக்கானிக்கே டார்ச் அடித்து ஆயில் இறக்கும் துளையைப் பார்த்தார். அலுமினியத் தொட்டி, எஃகு போல்ட். முன்பு யாரோ அளவுக்கு மீறி முறுக்கியதில் மரை வெட்டுப்பட்டு இழை இழையாக உரிந்திருந்தது. "நீங்க சொன்னதும் நல்லதாப் போச்சு சாப், இது ரோட்டுல கழண்டிருந்தா மொத்த ஆயிலும் போயிருக்கும்" என்றார். மரைக்கு எஃகுச் சுருள் போட்டு சரிசெய்தார்.

ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு அந்த போல்ட்டை மறுபடி கழற்றிப் பார்த்தோம். ஒன்றும் இல்லை. "ஒரு ஆயில் மாத்தறதுக்கு இத்தனை ஆராய்ச்சியா?" என்றார் தங்கமணி. ஊர் போய்ச் சேர்ந்து, அம்மா கையால் காபி வாங்கிக் குடிக்கும்போதுதான் அவரிடம் அந்த 36 மணிநேரக் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "திரும்பிப் போறதுக்கு முன்னாடியும் ஒரு தடவை பார்த்துடுங்க" என்றார்.