வீட்டுப் பட்டறையில் ஒரு 1911

அமெரிக்காவில் கைத்துப்பாக்கியைக் கடையில் வாங்கியதோடு நிறுத்திக்கொள்ளாத ஒரு கூட்டம் உண்டு. ஃப்ரேம் (கைப்பிடியோடு கூடிய அடிச்சட்டம்) ஓரிடம், ஸ்லைடு (அதன் மேல் முன்னும் பின்னும் நகரும் பாகம்) ஓரிடம், குழல் இன்னோரிடம் என்று தனித்தனியாக வாங்கி, வீட்டுக் கார் கொட்டகையின் மூலையில் வைஸும் அரமும் வைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் இழைத்துப் பொருத்தித் தனக்கே தனக்கென்று ஒரு பிஸ்டலை உருவாக்குவார்கள். இந்தப் பொழுதுபோக்குக்கு அடிப்படையாக அவர்களில் பெரும்பாலோர் நெடுங்காலமாக எடுத்துக்கொண்டது ஒரே ஒரு மாதிரியைத்தான். அது 1911.

அமெரிக்க ராணுவம் அந்தத் துப்பாக்கியை ஏற்றுக்கொண்ட ஆண்டே அதற்குப் பெயராகிவிட்டது. வடிவமைத்தவர் ஜான் மோசஸ் பிரௌனிங். யூட்டா மாநிலத்தின் ஆக்டன் நகரில் 1855இல் பிறந்தவர். தந்தை ஜோனத்தனும் துப்பாக்கிக் கம்மியர். அவருடைய பட்டறையில் கிடந்த உடைசல்களைக் கொண்டு சிறுவயதிலேயே துப்பாக்கி செய்து பழகியவர் மகன். அந்த வகையில் பிரௌனிங்கும் வீட்டுப் பட்டறையில் தொடங்கியவர்தான். கோல்ட் நிறுவனம் தயாரித்த அவருடைய பிஸ்டல், ராணுவத்தின் இறுதிச் சோதனையில் 6,000 தோட்டாக்களைச் சுட்டும் ஒருமுறைகூடச் சிக்கவில்லை. 1911 மார்ச் 29ஆம் தேதி அது ராணுவத்தின் அதிகாரப்பூர்வப் பிஸ்டலானது. 1985இல் இத்தாலியின் பெரெட்டா வரும்வரை, முக்கால் நூற்றாண்டுக்கு அந்த இடத்தை வேறெதுவும் பிடிக்கவில்லை.

ஐம்பது சொச்சம் பாகங்கள். கழற்றுவதற்குத் தனிக் கருவி என்று எதுவும் தேவையில்லை. துப்பாக்கியின் ஒரு பாகத்தையே நெம்புகோலாக்கி இன்னொரு பாகத்தைக் கழற்றிவிடலாம். அகழியில் கிடக்கும் சிப்பாய்க்காகச் செய்த இந்த வசதிதான், பிற்காலத்தில் கொட்டகைக் கம்மியருக்கும் கதவைத் திறந்துவிட்டது.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா சுமார் 19 லட்சம் 1911 பிஸ்டல்களை வாங்கியது. கோல்ட் மட்டும் செய்து முடிக்கும் வேலையல்ல அது. ரெமிங்டன் ராண்ட் என்ற டைப்ரைட்டர் கம்பெனிக்கும், யூனியன் ஸ்விட்ச் அண்டு சிக்னல் என்ற ரயில்வே சிக்னல் கம்பெனிக்கும், இத்தாக்கா என்ற வேட்டைத் துப்பாக்கிக் கம்பெனிக்கும் ஒப்பந்தம் போனது. நம் வீடுகளில் தையல் மெஷினாக அறிமுகமான சிங்கரும் 500 பிஸ்டல் செய்து கொடுத்தது. அந்த 500இல் ஒன்று இன்று ஏலத்துக்கு வந்தால் சேகரிப்பாளர்கள் விலை பார்ப்பதில்லை.

யார் செய்த பாகமும் யார் செய்த துப்பாக்கியிலும் பொருந்த வேண்டும் என்பது ராணுவத்தின் கட்டளை. அதற்காகப் பாகங்களுக்கிடையே தாராளமாக இடைவெளி விட்டார்கள். சேறும் மணலும் புகுந்தாலும் துப்பாக்கி இயங்கியது. ஆனால் கையில் எடுத்து ஆட்டினால் கடகடவென்று சத்தம் போட்டது. ஸ்லைடு ஃப்ரேமின் மேல் பக்கவாட்டில் அசையும். குழலும் ஒவ்வொரு முறை சுட்ட பிறகு முன்பிருந்த அதே இடத்துக்குத் துல்லியமாகத் திரும்பாது. போர்க்களத்தில் இது பெரிய குறையல்ல. இலக்குப் பலகைக்கு முன்னால் நிற்பவருக்கு அதுவே தலைவலி. அந்தக் கடகடப்பை ஒழிக்கக் கிளம்பியவர்களிடமிருந்துதான் இந்தக் கலை பிறந்தது.

ஒஹையோ மாநிலத்தின் கேம்ப் பெர்ரியில் 1907 முதல் தேசியத் துப்பாக்கிச் சுடும் போட்டிகள் நடந்துவருகின்றன. ‘புல்ஸ்ஐ’ என்று அழைக்கப்படும் பிஸ்டல் போட்டியில் ஒற்றைக் கையை நீட்டி 25 கஜத்திலும் 50 கஜத்திலும் சுட வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, போரில் மிஞ்சிய துப்பாக்கிகள் மலிவாகக் கிடைத்தன. லூசியானாவைச் சேர்ந்த ஜிம் கிளார்க் அவற்றை வாங்கிக் கழற்றி, இறுக்கி, மறுபடி பொருத்தி, போட்டிக்குத் தகுந்தவையாக மாற்றினார். 1958இல் தேசியச் சாம்பியன் பட்டத்தையும் வென்றார். கம்மியரே சாம்பியனாக நிற்கும்போது அவர் கைவேலைக்கு வேறு விளம்பரம் எதற்கு?

அடுத்த அலை கலிபோர்னியாவிலிருந்து வந்தது. முன்னாள் மரைன் படை அதிகாரி ஜெஃப் கூப்பர் 1950களில் பிக் பேர் என்ற மலை ஊரில் புதுவகைப் போட்டிகளைத் தொடங்கினார். அசையாமல் நின்று நிதானமாகச் சுடுவதற்குப் பதிலாக, உறையிலிருந்து உருவி, இரண்டு கையாலும் பிடித்து, வேகமாகச் சுட வேண்டும். 1976இல் மிசௌரி மாநிலத்தின் கொலம்பியாவில் கூடிய மாநாட்டில் ஐபிஎஸ்சி என்ற சர்வதேச அமைப்பாக இது உருவெடுத்தது. போட்டியின் போக்கு மாறியதும் துப்பாக்கியின் தேவையும் மாறியது. வலக்கைக்காரருக்கும் இடக்கைக்காரருக்கும் எட்டும் பாதுகாப்புக் கொக்கியால் கம்மியர் ஆர்மண்ட் ஸ்வென்சன் பெயர் பெற்றார். ஆர்கன்சா மாநிலத்தில், குடும்ப நகைக்கடையில் கடிகாரம் பழுது பார்த்துக்கொண்டிருந்த பில் வில்சன், அந்தக் கடையின் பின்பக்கத்திலேயே 1977இல் பிஸ்டல் வேலையைத் தொடங்கினார். அந்தப் பின்கட்டு வேலைதான் இன்றைய வில்சன் காம்பாட். அங்கே ஒரு பிஸ்டலின் விலை சில ஆயிரம் டாலர். லெஸ் பேர் என்ற இன்னொரு கம்மியரின் நிறுவனம், 50 கஜத்தில் ஒன்றரை அங்குலத்துக்குள் குண்டுகள் விழும் என்று உத்தரவாதமே தருகிறது.

இவர்களைப் பார்த்துத்தான் வீட்டுக் கம்மியர்களும் அரத்தைக் கையில் எடுத்தார்கள். பாகங்களுக்கும் கருவிகளுக்கும் அயோவா மாநிலத்தின் பிரௌனெல்ஸ் நிறுவனத்தின் தடித்த விலைப்பட்டியல். வழிகாட்ட ஜெரி குன்ஹாசன் எழுதிய பட்டறைக் கையேடு. முறையாகப் படிக்க நினைத்தால் கொலராடோ மாநிலத்தின் டிரினிடாட் கல்லூரியில் 1947 முதல் நடக்கும் துப்பாக்கிக் கம்மியப் படிப்பு. ஆசையும் பொறுமையும் இருந்தால் போதும் என்று நம்பி இறங்கியவர்கள் ஏராளம். முதல் ஃப்ரேமைப் பாழாக்கி இரும்புக் கடைக்கு அனுப்பியவர்களும் குறைவில்லை.

பொறுமைக்கு உண்மையான சோதனை ‘செக்கரிங்’. கைப்பிடியின் முன்பக்க உலோகத்தில், விரல்கள் வழுக்காமலிருக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு அறுப்பது. அங்குலத்துக்கு 20 கோடு என்றால் முரட்டுப் பிடி, 30 என்றால் பட்டுப்போன்ற பிடி. பல் வரிசை கொண்ட தனி அரத்தால் முதல் கோட்டை நேராகப் போட்டுவிட்டால், அதை ஒட்டி அடுத்தது, அதை ஒட்டி அதற்கடுத்தது. வெட்டிக்கொள்ளும் கோடுகளுக்கு இடையே குட்டிக் குட்டிக் கூம்புகள் எழும். பாதி வேலையில் அரம் ஒரு மயிரிழை நழுவினாலும் போச்சு. அந்தக் கோணல் கோடு துப்பாக்கி உள்ளவரை கண்ணில் உறுத்தும். துப்பாக்கி சுடும் திறனுக்கும் இதற்கும் அதிகச் சம்பந்தமில்லை. ஆனாலும் ஒரு 1911ஐக் கையில் வாங்கியதும் விஷயம் தெரிந்தவர்கள் முதலில் தடவிப் பார்ப்பது இந்த இடத்தைத்தான்.

இன்னொரு மாற்றம் வலியில் பிறந்தது. பழைய மாதிரிகளில், சுட்டவுடன் பின்னால் சாயும் சுத்தியல், பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவிலுள்ள சதையைக் கடித்துவிடும். 1920களில் ராணுவமே பிடிப்பாதுகாப்பின் (கைப்பிடியின் பின்புறமுள்ள பாதுகாப்புக் கொக்கியின்) வாலைச் சற்று நீட்டியது. கம்மியர்கள் அதை இன்னும் நீட்டி வளைத்து, பீவர் என்ற விலங்கின் வாலைப்போல் அகலமாக்கினார்கள். இன்று தொழிற்சாலைத் துப்பாக்கிகளிலேயே அது சகஜமாகிவிட்டது.

விசையும் சுத்தியலும் சேரும் இடம் மட்டும் தனி ரகம். அங்கே தேர்ந்த கம்மியரைத் தவிர வேறு யாரும் கைவைக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலில் எழுதாத விதி. விசை மிருதுவாக வேண்டும் என்ற ஆசையில் கெடுத்துவைத்தால், சுத்தியல் தானாக விழலாம். ஒரு அழுத்தலுக்கு இரண்டு குண்டு பாயலாம். ஒரே அழுத்தலில் ஒன்றுக்கு மேல் சுடும் துப்பாக்கியை 1934ஆம் ஆண்டுச் சட்டம் இயந்திரத் துப்பாக்கியாகவே பார்க்கிறது. புல்ஸ்ஐ போட்டியிலும் .45 பிஸ்டலின் விசை மூன்றரை பவுண்டு எடையையாவது தாங்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பொழுதுபோக்கின் சட்டப் பின்னணி வேடிக்கையானது. 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, ஃப்ரேம் மட்டுமே ‘துப்பாக்கி’. அதை உரிமம் பெற்ற வியாபாரியிடம், படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனைக்கு உட்பட்டு வாங்க வேண்டும். குழலும் ஸ்லைடும் விசையும் வெறும் இரும்புச் சாமான்கள், தபாலிலேயே வந்துவிடும். விற்பனைத் தொழிலாகச் செய்பவருக்குத்தான் உற்பத்தி உரிமம் தேவை. துப்பாக்கி வைத்திருக்கத் தடையில்லாத ஒருவர் தன் சொந்த உபயோகத்துக்குச் செய்துகொள்வதை மத்தியச் சட்டம் தடுக்கவில்லை.

அந்த இடுக்கில்தான் வேறொரு வியாபாரம் புகுந்தது. முக்கால்வாசி முடிந்த ஃப்ரேம் இன்னும் துப்பாக்கி ஆகவில்லை என்று சொல்லி, வரிசை எண்ணும் சோதனையும் இல்லாமல் பெட்டியில் போட்டு விற்றார்கள். வாங்கியவர்களில் அரம் பிடித்து மாதக்கணக்கில் உட்காரும் ரசிகர்களும் இருந்தார்கள். வரிசை எண் இல்லை என்பதற்காகவே வாங்கியவர்களும் இருந்தார்கள். குற்ற வழக்குகளில் சிக்கி, தடம் காணக் காவல்துறை மத்திய அரசுக்கு அனுப்பிய இத்தகைய ‘பேய்த் துப்பாக்கிகள்’ 2017இல் சுமார் 1,600. 2021இல் அது 19,000ஐத் தாண்டியது. பழைய கம்மியர்களின் கலையோடு இந்தப் பெட்டி வியாபாரத்தைச் சேர்த்துப் பேசுவது நியாயமில்லை. ஆனால் சட்டத்தின் வீச்சு இருவர் மேலும்தான் விழுந்தது. கலிபோர்னியாவில் 2018 முதல் வீட்டில் செய்பவரும் முன்கூட்டியே அரசிடம் வரிசை எண் வாங்க வேண்டும். மத்திய அரசு 2022இல் கொண்டுவந்த விதி, எளிதில் முடித்துவிடக்கூடிய பெட்டிகளையும் துப்பாக்கியாகக் கணக்கில் எடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 2025 மார்ச் 26ஆம் தேதி, ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் விதி செல்லும் என்று தீர்ப்பானது. இனிமேல்தான் பூட்ட வேண்டிய ஐகியா மேசையையும் ‘மேசை வாங்கினேன்’ என்றுதானே சொல்கிறோம் என்று தீர்ப்பில் எழுதினார் நீதிபதி நீல் கோர்சச்.

இன்று புதிதாக இறங்கும் பலர், முழுத் துப்பாக்கியாகவே விலை குறைந்த ஒன்றை வாங்கி, அதன் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றுகிறார்கள். வரிசை எண்ணும் உண்டு, சட்டச் சிக்கலும் குறைவு. அவற்றில் கணிசமானவை பிலிப்பைன்ஸின் மரிக்கினாவில் ஆர்ம்ஸ்கார் ஆலையில் செய்தவை. 1900களின் தொடக்கத்தில் பிலிப்பைன்ஸில் மோரோ இன வீரர்களை .38 ரிவால்வரால் தடுத்து நிறுத்த முடியாமல் திணறிய அனுபவம்தான் அமெரிக்க ராணுவத்தைப் பெரிய .45 தோட்டாவுக்குத் தள்ளியது. அந்தத் தோட்டாவுக்காகப் பிறந்த பிஸ்டல், இப்போது அதே நாட்டிலிருந்து அமெரிக்கக் கொட்டகைகளுக்குக் கப்பலேறுகிறது.

இந்தியாவில் இந்தப் பொழுதுபோக்குக்கு இடமே இல்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி, துப்பாக்கி செய்வதற்கு மட்டுமல்ல, பழுது பார்ப்பதற்கும் மாற்றி அமைப்பதற்கும்கூட உரிமம் வேண்டும். உதிரிப் பாகங்களும் ஆயுதம் என்ற வரையறைக்குள்ளேயே வருகின்றன. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, உரிமமின்றித் துப்பாக்கி செய்தவருக்குக் குறைந்தபட்சத் தண்டனை ஏழு ஆண்டுச் சிறை, அதிகபட்சம் ஆயுள்.