வெப்பத்தைப் பிடிக்கும் குட்டி அன்ரனா

யாழ்ப்பாணத்து வீடுகளில் இந்தியத் தொலைக்காட்சி பார்ப்பதற்காக உயரக் கட்டிய அன்ரனாக்கள் பலருக்கும் நினைவிருக்கும். அவற்றின் கம்பிகள், பிடிக்க வேண்டிய அலைநீளத்தில் ஏறத்தாழப் பாதி நீளம் கொண்டவை. வெப்பத்தைப் பார்க்கும் கமராக்களுக்கும் இப்போது அன்ரனா செய்கிறார்கள். அளவுதான் வேறு.

எமது உடல் வெளிவிடும் செங்கீழ்க் கதிரின் (அகச்சிவப்பு) அலைநீளம் சுமார் 10 மைக்ரோமீற்றர். தலைமயிரின் தடிப்பு இதைவிடப் பல மடங்கு அதிகம்.

இக்கதிரை உணரும் குறைகடத்திப் படை தடிப்பாக இருந்தால் நன்றாக உறிஞ்சும். ஆனால் கதிர் விழாதபோதும் அதில் ஓடும் ‘இருள் மின்னோட்டம்’ கூடிப் படத்தைக் கெடுக்கும். இதை அடக்கவே உயர்தர உணரிகளைச் சுமார் −196 பாகை செல்சியஸ் வரை குளிர்விக்கிறார்கள்.

படையின்மேல் நுண்ணிய உலோக அன்ரனாக்களைப் பதித்தால், அவை கதிரை மெல்லிய படைக்குள் செறிய வைக்கும். படை மெலிய, இருள் மின்னோட்டமும் குறையும். அமெரிக்காவின் சண்டியா தேசிய ஆய்வுகூடம் 2017இல் இத்தகைய உணரிகளை அறிவித்தது.

கதிரை வழிப்படுத்தும் தேவை புதிதல்ல. இலங்கையில் பிறந்த சரத் குணபால நாசாவின் ஜெட் உந்துகை ஆய்வுகூடத்தில் வளர்த்தெடுத்த குவாண்டம் கிணற்று உணரிகள், நேர்குத்தாக விழும் கதிரை உறிஞ்சுவதில்லை. அதனால் மேற்பரப்பில் நுண்பள்ளங்கள் செதுக்கிக் கதிரைத் திருப்பினார்கள்.

குளிர்விக்கும் தேவை குறைந்தால் கமராவின் விலையும் குறையலாம். அது மின்கம்பத்தில் சூடேறிய இணைப்பைக் காட்டும்; இரவில் நடந்துபோகும் மனிதரையும் காட்டும். வடக்கில் வாழும் எங்களுக்கு இரண்டாவது சிறிய விடயமல்ல. அது யார் கையில் இருக்கிறது என்று கேட்க, எப்படி இயங்குகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன்.