அலாஸ்காவின் துணி விமானங்கள்

அலாஸ்காவில் சாலை எட்டாத ஊர்களே மிகுதி. அங்கே ஆற்றின் கூழாங்கல் திட்டிலும், பனியாற்றின் முதுகிலும், ஏரி நீரிலும் இறங்கி ஏறும் சிறு விமானத்துக்குப் புஷ் விமானம் என்று பெயர். பழுது பார்க்கப் பணிமனை ஏதும் அருகில் இல்லாததால், அதை ஓட்டியவரே அதற்குத் தச்சரும் கொல்லரும் தையற்காரருமானார்.

1924 பிப்ரவரியில் கார்ல் பென் ஐல்சன் ஃபேர்பேங்க்ஸிலிருந்து மெக்ராத்துக்கு அஞ்சல் பைகளை விமானத்தில் கொண்டுசென்றார். அதே ஆண்டு ஜூலையில் நோயல் வீன் ஆங்கரேஜிலிருந்து ஃபேர்பேங்க்ஸுக்குப் பறந்தார். கோடையில் பறப்பது ஒரு வேலை என்றால், குளிர்காலத்தில் எஞ்சினைக் கிளப்புவது அதைவிடப் பெரிய வேலை. இறங்கியதும், சூடு ஆறுமுன் எஞ்சின் எண்ணெயைத் தகரத்தில் வடித்துக் குடிசைக்குள் எடுத்துச் செல்வார்கள். காலையில் எஞ்சினைக் கித்தான் துணியால் போர்த்தி, அடியில் எரியடுப்பை வைத்து நெடுநேரம் சூடேற்றுவார்கள். எண்ணெயை அடுப்பில் காய்ச்சி மீண்டும் ஊற்றிய பிறகே ப்ரொப்பெல்லரைச் சுற்றலாம். துணி போர்த்திய விமானத்தின் கீழே நெருப்பு எரிகிறது என்பதால், ஒருவர் விலகாமல் காவல் இருக்க வேண்டும்.

அந்தத் தலைமுறையின் கைத்திறனுக்குச் சான்று பாப் ரீவ். வால்டெஸ் ஊரின் கடலோரச் சேற்றையே ஓடுபாதையாக்கி, சறுக்குப் பலகைகளின் அடியில் துருப்பிடிக்காத எஃகுத் தகடு பொருத்தி, கோடையிலும் அங்கிருந்து பனியாறுகளுக்குப் பறந்தவர். 1937 ஜூனில் லூக்கானியா சிகரம் ஏற வந்த பிராட்ஃபோர்ட் வாஷ்பர்னையும் பாப் பேட்ஸையும் வால்ஷ் பனியாற்றில் இறக்கினார். வெயிலில் இளகிய பனிச்சேற்றில் விமானம் புதைந்து சில நாட்கள் சிக்கிக்கொண்டது. கடைசியில் ப்ரொப்பெல்லர் அலகுகளின் சாய்வைச் சுத்தியலால் தட்டிக் குறைத்துவிட்டுத்தான் அவர் தனியே மேலெழுந்தார். சாய்வு குறைந்தால் எஞ்சின் வேகமாகச் சுழலும், மெதுவான ஓட்டத்திலும் இழுவை கூடும். மேலே போனபின் வேகம் குறையும் என்பது அதற்கான விலை.

இந்தத் தேவைகளுக்கெல்லாம் பொருந்திய விமானம் இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்தது. பென்சில்வேனியாவின் லாக் ஹேவனில் பைப்பர் நிறுவனம் செய்துவந்த 65 குதிரைத்திறன் ஜே-3 கப், 1949இல் சூப்பர் கப் ஆக வளர்ந்தது. 1950களின் நடுவில் 150 குதிரைத்திறன் லைகாமிங் எஞ்சினும் அதில் ஏறியது. எஃகுக் குழாய்களைப் பற்றவைத்துச் செய்த உடல், மேலே துணி. இது பழமையான முறை. ஆனாலும் அலாஸ்காவில் வென்றது இதுதான். வளைந்த குழாயை அறுத்துப் புதுக்குழாய் வைத்துப் பற்றவைக்கலாம். மீன் வாடைக்கு வந்த கரடி கிழித்துவிட்டுப் போன துணியையும் தைத்துவிடலாம்.

துணிக்கு எதிரி சூரியன். பருத்தித் துணியை ‘டோப்’ எனும் பசைப்பூச்சு இறுக்கிக் காத்தாலும், வெளியில் நிற்கும் விமானத்தில் அது சில ஆண்டுகளே தாங்கியது. பின்னர் வந்த பாலியெஸ்டர் துணியைச் சட்டத்தில் ஒட்டி, இஸ்திரிப் பெட்டியால் சூடுகாட்டினால் அது சுருங்கி முரசுத் தோல்போல இறுகும். இறக்கையின் ஒவ்வொரு விலாச்சட்டத்தோடும் மெழுகு நூலால் அதைத் தைத்துக் கட்டுவார்கள். பூச்சு ஒழுங்காக இருந்தால் இருபது ஆண்டுகளுக்கு மேலும் உழைக்கும். அதனால் வேறொரு ஆபத்து மறைந்துகொண்டது. அடிக்கடி துணி மாற்றிய காலத்தில் குழாய்த் துரு தானாகவே கண்ணில் பட்டது. இப்போது அது போர்வைக்குள் பல்லாண்டு வளரலாம். வால்பக்கத்து அடிக்குழாய்களே முதலில் அரிபடும். இறக்கையைத் தாங்கும் சாய்வுக் கம்பங்களோ உள்ளிருந்தே துருவேறும். 1993இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் இட்ட ஆணைப்படி அவற்றை 24 மாதங்களுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். துணியின் வலிமையை அழுத்திப் பார்க்கும் மால் கருவியையே கம்பத்தின் மீதும் அழுத்தி, குழி விழுகிறதா என்று பார்ப்பார்கள். காற்றுப்புகாமல் மூடிய புதிய கம்பங்களைப் பொருத்தியவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

ரீவ் காலத்துச் சுதந்திரத்தைச் சட்டம் படிப்படியாக வரையறுத்தது. எண்ணெய் மாற்றுதல், டயர் மாற்றுதல், ஸ்பார்க் பிளக் சுத்தம் செய்தல், விலாத்தையல் தேவைப்படாத சிறு ஒட்டு ஆகியவற்றை விமானி உரிமம் உள்ள உரிமையாளர் தாமே செய்து பதிவேட்டில் எழுதலாம். அதற்குமேல் உரிமம் பெற்ற மெக்கானிக் வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை, தனி அதிகாரம் பெற்ற ஆய்வாளர் முழு விமானத்தையும் திறந்து பார்க்க வேண்டும். அமைப்பை மாற்றினால், அந்த மாற்றத்துக்கெனத் தனிச் சான்றிதழோ அதிகாரியின் ஒப்புதலோ தேவை. இது கைத்திறனை முடக்கிவிடவில்லை. ஒருவர் கண்டுபிடித்த மாற்றத்தைச் சான்றோடு மற்றவரும் வாங்கிப் பொருத்த வழி செய்தது. ரீவ் சுத்தியலால் தேடிய பயனை இன்று 82 அங்குலம் நீண்ட, சாய்வு குறைந்த ‘போரர்’ ப்ரொப்பெல்லர் சட்டப்படி தருகிறது. அது தரையில் இடிக்காதிருக்க உயரமான சக்கரக்கால், கற்களில் உருள 31 அங்குல மென்டயர் என ஒரு மாற்றம் அடுத்ததைக் கூட்டிவந்தது. 180 குதிரைத்திறன் எஞ்சினும் சேர்ந்தது.

ஒவ்வொன்றும் எடையைக் கூட்டியது. தொழிற்சாலையை விட்டபோது வெறும் விமானம் ஏறத்தாழ 930 பவுண்டு. சுமையோடு 1,750 பவுண்டு வரை அனுமதி. தனிச் சான்றிதழ் வழியே அந்த வரம்பு 2,000 ஆக உயர்ந்தது. வரம்பு உயர்ந்தாலும், குறுகிய மணல்திட்டில் இறங்க வேண்டியவருக்கு எடை குறைவதே பாதுகாப்பு. ஆகவே தேர்ந்த உரிமையாளர்கள் கூட்டுவதோடு கழிக்கவும் செய்கிறார்கள். கனத்த ஸ்டார்ட்டர், பழைய பேட்டரி, உள்மெத்தை, தடித்த வர்ணம் எல்லாம் போகின்றன. வேலை முடிந்ததும் விமானத்தைத் தராசுகளின் மேல் ஏற்றி, எடையையும் ஈர்ப்புமையத்தையும் புதிதாகக் கணக்கிட்டு, அந்தத் தாளை விமானத்துக்குள்ளேயே வைக்கிறார்கள்.