கடல் கடந்து வந்த ஆர்கன்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்ட இஸ்ரயேல் மக்கள் யாழை மரத்தில் மாட்டிவிட்டு அழுததைத் திருப்பாடல் 137-இல் வாசிக்கிறோம். சொந்த மண்ணை இழந்தவர்களுக்குப் பாட வாய் வரவில்லை. அதே நிலையில் இருந்தும் பாடத் துணிந்த மக்களின் வரலாற்றை இன்று சிந்திப்போம். அவர்கள் கத்தோலிக்கர் அல்லர், லூத்தரன் சபையினர். ஆனாலும் அவர்கள் வாழ்விலிருந்து நாம் கற்க வேண்டியது உண்டு.

ஜெர்மனியில் ஹாலே என்றொரு நகர் உண்டு. அங்கே பயின்ற சீகன்பால்கு ஐயர் 1706 ஜூலை 9 அன்று நம் தரங்கம்பாடியில் கரையிறங்கினார். தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றினார். அதே ஹாலேயில் அவருக்கு முன் படித்த ஜஸ்டஸ் ஃபால்க்னர் மேற்குத் திசையில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்குப் போனார். அங்கே குடியேறியிருந்தவர்களிடம் நிலம் இருந்தது, உழைப்பு இருந்தது. ஆனால் வழிபாட்டில் உயிர் இல்லை என்று அவர் வருந்தினார். 1701-இல் ஊருக்குக் கடிதம் எழுதி, ஓர் ஆர்கன் அனுப்பும்படி கேட்டார். இசை கேட்டால் இளைஞர் வருவர், அம்மண்ணின் பழங்குடி மக்களும் வருவர் என்பது அவர் நம்பிக்கை. 1703 நவம்பர் 24 அன்று, பிலடெல்பியாவில் சுவீடன் நாட்டுக் குடியேறிகள் கட்டிய குளோரியா தேயி ஆலயத்தில் அவர் குருப்பட்டம் பெற்றார். அன்று அங்கே சிறிய ஆர்கன் ஒன்று ஒலித்ததாக வரலாறு கூறுகிறது.

குழாய் ஆர்கன் என்றால் என்ன என்று நம் பிள்ளைகள் கேட்கலாம். நம் பாடகர் குழுவின் ஆர்மோனியத்தில் காற்று உலோக நாக்குகளை அதிரச் செய்கிறது. ஆர்கனிலோ ஒவ்வொரு சுரத்துக்கும் தனிக் குழாய் உண்டு. நூற்றுக்கணக்கான புல்லாங்குழல்களை ஒரே பெட்டியில் நிறுத்தியது போல. மின்சாரம் இல்லாத காலத்தில் ஒருவர் பின்னால் நின்று துருத்தியை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். வாசிப்பவரை எல்லாரும் பாராட்டுவார்கள், மிதிப்பவரை யாரும் பார்ப்பதில்லை. அவர் காலை எடுத்தால் இசை நின்றுவிடும்.

1742-இல் ஹாலேயிலிருந்து முலன்பெர்க் என்னும் குரு பிலடெல்பியாவுக்கு வந்து, சிதறிக் கிடந்த ஜெர்மானியரை ஒன்றுசேர்த்தார். அவர்கள் புனித மிக்கேல் ஆலயத்தைக் கட்டினார்கள். 1750-இல் மிட்டல்பெர்கர் என்ற ஆசிரியர், ஹைல்பிரான் நகரில் செய்த ஆர்கன் ஒன்றோடு கப்பலேறினார். அந்தக் கப்பலில் அவர் கண்டதைப் பின்னர் நூலாக எழுதினார். பசி, காய்ச்சல், கடலில் எறியப்பட்ட குழந்தைகளின் உடல்கள். பயணக் கட்டணம் செலுத்த முடியாதவர்களைக் கரையிறங்கியதும் ஆண்டுக்கணக்கில் வேலைக்கு விற்றார்கள். பெற்றோர் ஓரிடம், பிள்ளைகள் ஓரிடம். பஞ்சாலைகளில் ஆண்டுக்கணக்கு ஒப்பந்தத்தில் நம் பெண்பிள்ளைகள் விடுதிக்குள் அடைபட்டுக் கிடந்ததை அறிந்த நமக்கு இது புதிதல்ல. அந்த மக்கள் நடுவேதான் 1751-இல் புனித மிக்கேல் ஆலயத்தில் அந்த ஆர்கன் ஒலித்தது. ஊரில் தாய் பாடிய பாடலை அவர்கள் மீண்டும் கேட்டார்கள்.

கூட்டம் பெருகவே சீயோன் என்னும் பெரிய ஆலயத்தையும் எழுப்பினார்கள். லிட்டிட்ஸ் ஊரில் வாழ்ந்த, மொராவியன் சபையைச் சேர்ந்த தச்சர் தானன்பெர்க் அதற்கு ஆர்கன் செய்தார். அதன் அர்ச்சிப்பு 1790-இல் நடந்தது. அன்று அந்நாட்டிலேயே பெரிய ஆர்கன் அதுதான். நான்கே ஆண்டுகளில், 1794 டிசம்பர் 26 அன்று, கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள், தீ விபத்தில் ஆலயமும் ஆர்கனும் அழிந்தன. மக்கள் சோர்ந்துவிடாமல் ஆலயத்தை மீண்டும் கட்டினார்கள்.

தீயால் பிரியாத அந்தச் சபை மொழியால் பிரிந்தது. அங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கு ஆங்கிலம்தான் வந்தது. ஜெர்மன் இல்லையேல் வழிபாடே இல்லை என்றனர் பெரியவர்கள். ஒரு மொழிக்கு இன்னொரு மொழி இடம் தர மறுத்தது. 1806-இல் ஆங்கிலம் கேட்டவர்கள் தனியே பிரிந்து புனித யோவான் ஆலயத்தைத் தொடங்கினார்கள். அந்நிய மண்ணில் தங்கள் மொழியில் பாட இடம் வேண்டும் என்று ஏங்கியவர்களே தங்கள் பிள்ளைகளுக்கு அந்த இடத்தைத் தரத் தயங்கினார்கள்.

அன்பானவர்களே, இது பிலடெல்பியாவின் கதை மட்டுமல்ல. பல்லடத்திலும் பொங்கலூரிலும் நூற்பாலைகளிலும் விசைத்தறிகளிலும் கோழிப் பண்ணைகளிலும் ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார் இளைஞர்கள் உழைக்கிறார்கள். திருப்பூர் பனியன் உலகெங்கும் போகிறது. அதன் துருத்தியை மிதிப்பவர்கள் இவர்கள். இவர்களில் நம் விசுவாசத்தைச் சேர்ந்தோரும் உண்டு. 1885-இல் சோட்டாநாக்பூருக்கு வந்த லீவன்ஸ் அடிகளாரின் பணியால் திருமுழுக்குப் பெற்ற குடும்பங்களின் வழித்தோன்றல்கள் அவர்களிடையே இருக்கலாம். ஞாயிறு திருப்பலியில் அவர்கள் கடைசித் தூணருகே நிற்கிறார்கள். தமிழ்ப் பாடல் புரியாமல் உதட்டை மூடிக்கொள்கிறார்கள். நற்கருணை வாங்கியதும் போய்விடுகிறார்கள். பெயர் என்ன என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

நம் முன்னோர் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயாவுக்கும் போனபோது, தமிழில் செபிக்க ஒரு மூலை கிடைக்காதா என்று தவித்தார்கள். கிடைத்த இடத்தில் கோயில் கட்டினார்கள். அந்தத் தவிப்பை நாம் மறக்கலாமா? இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு குழாய் ஆர்கனைப் பெருமதிப்போடு போற்றுகிறது. அதே ஏட்டில், அந்தந்த மக்களின் சொந்த இசை மரபுக்கும் உரிய மதிப்பைத் தரச் சொல்கிறது.

நம் பங்கில் குழாய் ஆர்கன் இல்லை, அது தேவையும் இல்லை. ஆனால் மாதத்தில் ஒரு ஞாயிறாவது ஒரு வாசகத்தை இந்தியில் வாசிக்க அந்த இளைஞர்களில் ஒருவரை அழைக்கலாம். காணிக்கைப் பாடலை அவர்கள் மொழியில், அவர்கள் மேளத்தோடு பாட விடலாம். பாடகர் குழுவில் ஓர் இருக்கையை அவர்களுக்கென்று ஒதுக்கலாம். திருப்பலி முடிந்ததும் ஒரு குவளை தேநீரோடு பெயரைக் கேட்டு அறியலாம். அந்நியனாய் வந்த என்னை ஏற்றுக்கொண்டீர்களா என்று ஆண்டவர் கேட்கும் நாளில், கடைசித் தூணருகே நின்றவர்கள் நமக்காகச் சாட்சி சொல்லட்டும். ஆமென்.