முதலைக்கு ஏது பால் பல்?

சிதம்பரம் பக்கத்து வாய்க்கால்களில் முதலை பிடிபட்டால் வனத்துறையினர் அதைக் கொண்டுபோய் வக்காரமாரி நீர்த்தேக்கத்தில் விடுவது வழக்கம். அந்த முதலையின் குட்டியைக் கவனித்துப் பாருங்கள் (தூரத்தில் நின்றுதான்!). முட்டையிலிருந்து வரும்போதே அதற்குப் பல் இருக்கும். பூச்சி, சின்ன மீன் என்று தானே பிடித்துத் தின்னும். பல் விழுந்தால் திரும்பத் திரும்ப முளைக்கும். மனிதக் குழந்தையோ பொக்கை வாயோடு பிறக்கிறது. பால் பல், அது விழுந்தால் நிலைப்பல். அவ்வளவுதான். மூன்றாவது கிடையாது. ஏன் இந்த ஓரவஞ்சனை?

காரணம், பால். தாய் ஊட்டும் வரை மெல்லவேண்டிய அவசியமே இல்லை. தாடை ஓரளவு வளர்ந்தபின் பல் வந்தால் போதும்.

இந்தப் பால் எப்படி வந்தது என்பது டார்வினையே சங்கடப்படுத்திய கேள்வி. பாதி உருவான பால் சுரப்பியால் எந்தக் குட்டிக்கு என்ன லாபம் என்று 1871ல் செயின்ட் ஜார்ஜ் மைவார்ட் என்பவர் மடக்கினார். டார்வின் 1872ல் வந்த தன் நூலின் ஆறாம் பதிப்பில், காம்பே இல்லாத ஆஸ்திரேலிய பிளாட்டிபஸைக் காட்டிப் பதில் சொன்னார். அது முட்டையிடும் பிராணி என்பதை கால்டுவெல் உறுதி செய்தது 1884ல்தான் (நம்ம திராவிட மொழி கால்டுவெல் இல்லை, இவர் வேறு!). முட்டையும் இடும், பாலும் தரும், காம்பு மட்டும் கிடையாது. குட்டி தாயின் தோலில் கசியும் பாலைக் குடிக்கும். மைவார்ட் கேட்ட அந்தப் 'பாதி நிலை' ஆற்றில் நீந்திக்கொண்டிருக்கிறது! 2008ல் மரபணு ஆய்வும் இதற்குச் சாதகமாகவே வந்தது. கோழியிடம் மஞ்சள் கருவுக்கான மரபணுக்கள் மூன்று வேலை செய்கின்றன. பிளாட்டிபஸிடம் ஒன்று. மனிதனிடம் அவற்றின் சிதைந்த மிச்சம் மட்டுமே.

சரி, பால் சுரந்தால் போதுமா? உறிஞ்சத் தெரிய வேண்டாமா? அதற்கு வாயை மூக்கிலிருந்து பிரிக்கும் அண்ணம் வேண்டும். பிளவு அண்ணத்தோடு பிறக்கும் குழந்தையால் சரியாக உறிஞ்ச முடிவதில்லை; பாலாடையோ சங்கோ கொண்டு புகட்டவேண்டியிருக்கிறது. அடுத்தது, நாக்கின் அடியில் இருக்கும் நாவடி எலும்பு. ஊர்வனவற்றில் அது எளிமையான குச்சி மாதிரி. பாலூட்டிகளில் பல துண்டுகளாக, மூட்டுகளோடு அசையும். உறிஞ்சியதைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்க உதவுவது இந்த அசைவுதான். சீனாவில் கிடைத்த மைக்ரோடோகோடான் என்ற, சுமார் 16.5 கோடி ஆண்டு பழைய, மூஞ்சூறு அளவுப் பிராணியின் புதைபடிவத்தில் இந்த எலும்பு அப்படியே மூட்டுகளோடு இருந்ததை 2019ல் அறிவித்தார்கள். பால் கல்லாகாது, ஆனால் அதை விழுங்கிய தொண்டை கல்லாகியிருக்கிறது.

இந்தியாவிலும் இவற்றின் சொந்தக்காரர்கள் உண்டு. பிராணஹிதா-கோதாவரிப் பள்ளத்தாக்கின் கோட்டா பாறைகளில் ஜுராசிக் காலப் பாலூட்டிகளின் பற்கள் கிடைத்ததை 1978ல் அறிவித்தார்கள். 1981ல் ஒன்றுக்கு 'கோட்டாதீரியம்' என்று பெயரும் வைத்தாயிற்று. பாரப்பாசரஸ் என்ற மாபெரும் டைனோசர் கிடைத்த அதே பாறைகள்தான்! டைனோசரின் தொடையெலும்பு ஆளுயரம். இவற்றின் பல்லைப் பார்க்க நுண்ணோக்கி வேண்டும்.