தாயாதி

பங்குனி உத்திரத்தன்று சங்கரன்கோவில் வட்டாரத்துச் சாஸ்தா கோயில்களுக்குப் போய்ப் பாருங்கள். வருஷக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் பக்கத்துப் பக்கத்தில் அடுப்புக் கூட்டிப் பொங்கலிடுவார்கள். தலைக்கட்டு வரியில் தகராறு வராது. முதல் மரியாதை யாருக்கு என்பதில்தான் வழக்கு மூளும்.

பங்காளிக்கு ஏட்டு வழக்கில் தாயாதி என்று பெயர். தாய்வழிச் சொந்தம் என்று மயங்க வேண்டாம். வடமொழியில் 'தாயம்' குடும்பச் சொத்தின் பங்கு. அதைப் பெறுபவன் 'தாயாதன்'. தகப்பன் வழியில் பங்கு கேட்க உரியவனே தாயாதி.

சங்க காலத்திலேயே தாயம் அரசுரிமையைக் குறித்தது. புறநானூறு 75இல் சோழன் நலங்கிள்ளி, முன்னோர் வழி வந்த தன் ஆட்சியைத் தாயம் என்றே சொல்கிறான். அவன்தான் உறையூரை முற்றுகையிட்டு, உள்ளே அடைபட்டிருந்த நெடுங்கிள்ளியோடு மோதியவன். இருவரும் ஆத்திமாலை சூடிய சோழர்தான் என்று சொல்லிக் கோவூர்கிழார் தடுக்கப் பார்த்தார் (புறம் 45).

12ஆம் நூற்றாண்டுப் பாண்டிய நாட்டில் தடுக்க ஆளில்லை. மதுரையில் இருந்த பராக்கிரம பாண்டியனைக் குலசேகர பாண்டியன் முற்றுகையிட்டான். பராக்கிரமன் இலங்கை வேந்தன் பராக்கிரமபாகுவிடம் படை கேட்டான். அது வந்து சேருமுன்பே கொல்லப்பட்டான். அவன் மகன் வீரபாண்டியனுக்காக இலங்கைப் படை இறங்க, குலசேகரன் சோழரை அழைத்தான். பிறகு அவனே இலங்கையோடு கைகோக்க, சோழர் வீரபாண்டியன் பக்கம் மாறினர். அடுத்து வீரபாண்டியனையும் விலக்கி, சோழன் மூன்றாம் குலோத்துங்கன் விக்கிரம பாண்டியனைப் பட்டத்தில் ஏற்றினான். இத்தனை அன்னியப் படைகளுக்கும் வாசலைத் திறந்தவர்கள் தாயாதிகளே. அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நார்வேயிலும் அப்போது, 1130 முதல் 1240 வரை, இதே கூத்து. அரசனுக்குப் பிறந்தவன் என்றால் போதும், மணவழிப் பிறப்பு இல்லாவிட்டாலும் பட்டம் கேட்கலாம். ஃபாரோ தீவில் வளர்ந்த ஸ்வெர்ரே தன்னை அரசன் மகன் என்று சொல்லி, 1177இல் கலகக் கூட்டமொன்றுக்குத் தலைவனானான். 1184இல் அரசன் மாக்னுஸ் அவனோடு நடந்த போரில் மாண்டான்.

சங்கரன்கோவிலுக்கு அருகிலுள்ள நெற்கட்டும்செவலும் ஒரு தாயாதியைக் கண்டது. ஆர்க்காட்டு நவாபு முகமது அலியின் அண்ணன் மாபூஸ்கான், 1755இல் ஆங்கிலேயக் கர்னல் ஹெரானோடு இந்தச் சீமைக்கு வரி வாங்க வந்தவர். பிறகு தம்பிக்கு எதிராகத் திரும்பி, நெற்கட்டும்செவல் பாளையக்காரர் பூலித்தேவரிடமே தஞ்சமிருந்தார். நவாபின் கூடப்பிறந்தவரே பக்கத்தில் இருக்கும்போது பாளையக்காரர் கலகம் வெறும் கலகமாகாது, உரிமை வழக்காகிவிடும். பூலித்தேவருக்கு அது பெரிய பலம். ஆனால் மாபூஸ்கான் தம்பியோடு சமாதானமாகிப் போய்விட்டார். 1761இல் கும்பினிப் படைத்தலைவன் யூசுப்கான் நெற்கட்டும்செவல் கோட்டையைப் பிடித்தபோது, பூலித்தேவர் பக்கம் எந்தத் தாயாதியும் இல்லை.